கடைமடை சர்வருக்கும் அப்டேட் போய்ச் சேர்ந்ததா?

சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதக் காலையில், மன்னார்குடிப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் போன் செய்தார். “தம்பி, ஒரே லோடுக்கு ரெண்டு கணக்கு காட்டுதுப்பா. ஈரக் கழிவு மொத தடவ ஒண்ணு வருது, திரும்பத் திறந்தா வேற வருது. வண்டியெல்லாம் எடைமேடையில நிக்குது.”

கும்பகோணத்தில் மூன்று பேராக நாங்கள் நெல் வியாபாரிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். அது நான்கு சர்வர்களில் ஓடுகிறது. முன்னால் நிற்கும் லோட் பேலன்சர், வருகிற கோரிக்கைகளை முறைவைத்து நான்குக்கும் பிரித்துவிடும். முந்தைய இரவு ஈரக் கழிவுக் கணக்கை (நெல்லின் ஈரத்துக்காகக் கழிப்பது) மாற்றிவிட்டு, ஒவ்வொரு சர்வராக எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியே நுழைந்து, புதிய நிரலை இறக்கும் ‘கிட் புல்’ கட்டளையைக் கொடுத்திருந்தேன். நான்காவதில் எப்போதோ யாரோ ஒரு ஃபைலைக் கையால் திருத்தி வைத்திருந்ததால், கிட் புதிய நிரலை இறக்க மறுத்துவிட்டது. அந்தச் செய்தி திரையில் மேலே ஓடிப்போனது. நான் கவனிக்காமல் அடுத்த கட்டளையை அடித்துவிட்டேன். நான்கு கோரிக்கைக்கு ஒன்று பழைய கணக்கைக் காட்டியது. களத்திலிருந்து நெல்லோடு வந்த விவசாயிகள் அன்று மதியம் வரை காத்திருந்தார்கள்.

கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வந்துவிடும். தலைஞாயிறு பக்கம் கடைமடையில் நாற்றங்கால் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்தச் செய்தியால் பலனில்லை, அவர் வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். பல சர்வர்களுக்கு அப்டேட் அனுப்பும் கருவிகளையும் நான் இப்போது அப்படித்தான் எடைபோடுகிறேன். கடைசி சர்வர் வரை போய்ச் சேர்ந்ததை உறுதியாகச் சொல்கிறதா? தவறினால் எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்?

இது சிறிய அலுவலகங்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடலின் எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. அதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, தானாகவே பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் நிகழ்ந்த வர்த்தகத்தால் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து போனது.

கையால் செய்வது ஒரே ஒரு சர்வர் இருக்கும்வரை சரி. இரண்டாவது வந்த அன்றே விட்டுவிட வேண்டும். நம் பக்கத்து அலுவலகங்களில் அதற்கடுத்துப் புழங்குவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்டும், ஃபைல்களை சர்வருக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க்கும். வேலை வேகமாக முடியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரின் மேலேயே ஃபைல்களைக் கொட்டுவதால், சில நொடிகளுக்குப் பாதி புதுசும் பாதி பழசுமாகக் கலந்து கிடக்கும். பழசுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதன் பிரதி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு குறைகளையும் நேரடியாகத் தீர்ப்பது கேபிஸ்ட்ரானோ என்ற கருவி. ரூபி நிரல்மொழி உலகில் பிறந்தது. பிஎச்பி மொழியில் எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு அதே பாணியில் டிப்ளாயர் இருக்கிறது. ஒவ்வொரு வெளியீடும் தனி ஃபோல்டரில் இறங்கும். ‘கரன்ட்’ என்ற சிம்லிங்க் (இன்னொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அதுவே ஓடும். கேபிஸ்ட்ரானோ வழக்கமாகக் கடைசி ஐந்து வெளியீடுகளை வைத்திருக்கும். எனவே ரோல்பேக் என்பது சிம்லிங்க்கைப் பழைய ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் வேலை, நொடிகளில் முடியும். ஸ்கிரிப்ட்டிலேயே இதே முறையைச் செய்ய நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சாதாரண சிம்லிங்க் மாற்றும் கட்டளை, பழைய லினக்ஸ் பதிப்புகளில், பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடும். இடையில் வந்து விழும் கோரிக்கைக்குப் பிழைதான் கிடைக்கும். வேறு பெயரில் சிம்லிங்க் போட்டு, அதைப் பெயர் மாற்றிப் பழையதன் மேல் வைத்தால் அந்த இடைவெளியே இருக்காது. இன்னொன்று, நிரலை நினைவகத்தில் வைத்திருக்கும் பிஎச்பியின் ஆப்கேஷ் பழைய ஃபோல்டரின் நிரலையே பிடித்துக்கொண்டிருக்கலாம். பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை ரீலோட் செய்யும்வரை புதுசு போய்விட்டது என்று நம்ப வேண்டாம்.

கேபிஸ்ட்ரானோ நிரலை மட்டுமே பார்த்துக்கொள்ளும். பிஎச்பி பதிப்பு, என்ஜினெக்ஸ் என்ற வலை சர்வரின் அமைப்பு, குறித்த நேர வேலைகளை ஓட்டும் கிரான், ஃபயர்வால் எல்லாம் நான்கிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அது கேட்காது. அங்கேதான் ஆன்சிபிள் என்ற கருவி எனக்குப் பிடித்துப்போனது. 2012-ல் வந்தது, 2015-ல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கியது. சர்வர்களில் தனியாக எந்த ஏஜென்டும் (சர்வரில் நிறுவ வேண்டிய துணை நிரல்) வேண்டாம், எஸ்எஸ்ஹெச்சும் பைத்தானும் இருந்தால் போதும். பிளேபுக்கில் சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதிவைக்கிறோம். ஏற்கெனவே அப்படியே இருந்தால் ஒழுங்காக எழுதிய பிளேபுக் எதையும் தொடாது. ‘சீரியல்’ அளவை 1 என்று வைத்தால் ஒவ்வொரு சர்வராகப் போகும், ஒன்று தவறினால் அங்கேயே நின்றுவிடும். இது இல்லாமல் ஓட்டினால், தவறிய சர்வரை மட்டும் கழற்றிவிட்டு மற்றவற்றோடு தொடர்ந்து போகும். எனக்கு அந்தத் தை மாதம் நடந்ததே மறுபடி நடக்கும்! குறையும் உண்டு. பிளேபுக்கிலிருந்து ஒரு வரியை நீக்கினால், அந்த வரி முன்பு சர்வரில் செய்துவைத்தது தானாக நீங்காது. அதை நாமே எடுக்க வேண்டும்.

பப்பட், செஃப் என்ற கருவிகள் வேறு வகை. சர்வரில் இருக்கும் ஏஜென்ட் தானே வந்து மாற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பப்பட் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். அமைப்பு விலகாமல் காப்பதற்கு அருமையானது. கணக்கு மாறும் அப்டேட்டுக்கு வேண்டாம், ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு நேரத்தில் மாறும். ஆனாலும் சர்வரே வந்து வாங்கிக்கொள்வதில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் இங்கே மின்சாரமும் நெட்டும் எந்நேரமும் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் பல ஊர்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. என் லேப்டாப்பிலிருந்து தள்ளும் டிப்ளாய் பாதியில் அறுந்தால் இரண்டு சர்வர் புதுசிலும் இரண்டு பழசிலும் நிற்கும். அதனால் ஆன்சிபிளை நாங்கள் கும்பகோணத்திலிருந்து ஓட்டுவதில்லை. சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டரிலேயே ஒரு சின்ன சர்வர் வைத்து, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டுகிறோம். இங்கே நெட் போனாலும் அங்கே வேலை முடிந்துவிடும்.

நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொட்டலமாக (இமேஜாக)க் கட்டி ஓட்டும் கண்டெய்னர் பக்கம் வந்தால், டாக்கரின் பெரிய வரம் ஒருமுறை கட்டிய இமேஜ் எல்லா சர்வரிலும் அப்படியே ஓடுவது. பிஎச்பி பதிப்புத் தகராறு அதோடு ஒழிந்தது. ஆனால் ‘லேட்டஸ்ட்’ என்ற டேகை (இமேஜுக்கு ஒட்டும் பதிப்புப் பெயரை) நம்பினால், வெவ்வேறு நேரத்தில் இறக்கிய சர்வர்களில் ஒரே பெயரில் வெவ்வேறு இமேஜ் ஓடும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் தரும் கமிட் எண்ணையே டேகாக வையுங்கள். 37சிக்னல்ஸ் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கமால் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியே போய், புதிய கண்டெய்னரை எழுப்பி, அது நலமாக இருப்பதாகப் பதில் சொன்ன பிறகே போக்குவரத்தைத் திருப்பும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். இமேஜைக் கட்டும் வேலையை மட்டும் ஊரில் வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான எம்பியை மழை நாளில் மேலேற்றுவது பெரும்பாடு.

பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. தயாராகாத கண்டெய்னருக்குப் போக்குவரத்தை அனுப்பாது, விழுந்ததை மறுபடி எழுப்பும், ஒரு கட்டளையில் பின்னுக்குப் போகும். ஆனால் ஆண்டுக்குச் சுமார் மூன்று பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ 14 மாதங்கள்தான். அதாவது ஆண்டுக்கு ஒருமுறையாவது அடித்தளத்தையே மாற்றியாக வேண்டும். மூன்று பேர் உள்ள இடத்தில் ஒருவர் முழுநேரமும் அதற்கே போய்விடுவார். நான்கு சர்வருக்கு அது வேண்டாம். நாற்பது சர்வர் உள்ளவர்களுக்கு என் பதில் வேறாக இருக்கும்.

எந்தக் கருவியும் தானாகத் தீர்க்காத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சர்வராக மாற்றும்போது, சில நிமிடங்களுக்குப் பழசும் புதுசும் ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து ஓடும். எனவே ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற நினைத்தால், முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய நிரல் எங்குமே இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த வெளியீட்டில் பழையதை நீக்க வேண்டும். கணக்கு விதி மாறும்போது இதுவும் போதாது, அந்தச் சில நிமிடங்களில் போட்ட பில்கள் இரண்டு விதமாக வரும். நாங்கள் இப்போது ஈரக் கழிவு விதிகளை நிரலில் வைப்பதில்லை. அமலாகும் தேதியோடும் நேரத்தோடும் டேட்டாபேஸில் ஒரு அட்டவணையாக வைக்கிறோம். நிரல் முதல்நாளே நான்குக்கும் போய்விடும், விதி மறுநாள் காலை 6 மணிக்கு எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் மாறும்.

இன்று எங்களிடம் இருப்பது சர்வர் அமைப்புக்கு ஆன்சிபிள், நிரலுக்கு அதே ஆன்சிபிளில் எழுதிய தனித்தனி ஃபோல்டர் முறை. புதிதாக எழுதும் ஆலை மென்பொருளுக்குக் கமால். பிளேபுக்கின் கடைசி வேலைக்கு ‘கடைமடை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அது லோட் பேலன்சர் வழியே போகாமல் நான்கு சர்வரையும் தனித்தனியே தட்டி, எந்தக் கமிட் ஓடுகிறது என்று கேட்கும். நான்கும் ஒரே எண்ணைச் சொல்லாவிட்டால், மாறுபட்டதை லோட் பேலன்சரிலிருந்து விலக்கிவிட்டு எங்கள் மூவருக்கும் செய்தி அனுப்பும்.