புதிய பிரஸ்ஸா, டை மாற்றும் நேரமா: உற்பத்தியைக் கூட்ட எதில் கைவைப்பது?

ஆர்டர்கள் கூடிக்கொண்டே போக, அனுப்ப வேண்டிய சரக்கு நாளுக்கு நாள் பின்தங்கும்போது, தொழிற்சாலையை நடத்துபவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் வந்து நிற்கின்றன. இன்னொரு இயந்திரம் வாங்கலாம். அல்லது இருக்கும் இயந்திரங்கள் ஓடாமல் நிற்கும் நேரத்தை, குறிப்பாக ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு மாறுகையில் டையை (தகட்டை வெட்டி வடிவம் தரும் அச்சை) இறக்கி ஏற்றுவதில் கழியும் நேரத்தை, குறைக்கலாம். பலவகைத் தகட்டுப் பாகங்களை அடித்துத் தரும் பிரஸ் பிரிவு ஒன்றின் பொறுப்பில் இருந்தபோது நான் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன். ஆகவே இந்த அலசல் ஒருபுறம் சாய்ந்துதான் இருக்கும்.

புதிய பிரஸ்ஸின் நன்மைகளை விளக்கத் தேவையில்லை. பணம் கொடுத்தால் திறன் வந்துவிடுகிறது. யாருடைய பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. முதலீடு, அடித்தளம், மின்னிணைப்பு, கூடுதல் ஆள், உதிரிபாகம், பராமரிப்பு ஆகிய செலவுகளும் எல்லோரும் அறிந்தவையே. அதன் பக்கம் உள்ள உண்மையான வலு வேறொன்று: அதிகம் ஓடும் பாகம் ஒன்றுக்கு ஒரு பிரஸ்ஸை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், அந்தப் பாகத்துக்கு டை மாற்றும் வேலையே இல்லாமல் போகிறது. ஒரே பாகம் மொத்த உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் இடத்தில் இது நல்ல வாதம். எங்களிடம் அப்படி ஒரு பாகம் இல்லை.

முடிவைத் தீர்மானித்தது இயந்திரத்தின் விலையன்று, லாட் அளவு, அதாவது ஒருமுறை டை ஏற்றினால் தொடர்ந்து அடிக்கும் பாகங்களின் எண்ணிக்கை. டை மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும் இடத்தில், ஏற்றிய டையை இறக்க யாருக்கும் மனம் வராது. இன்றைக்கு 500 பாகங்கள் போதும் என்றாலும், "ஏற்றினது ஏற்றிட்டோம், 3000 அடிச்சிடலாம்" என்றே ஷிப்ட் பொறுப்பாளர் சொல்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். விளைவாக, பிரஸ் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டிகள் நிரம்பி நடைபாதை வரை வந்துவிடும். வெல்டிங் பிரிவோ தனக்கு வேண்டிய வேறொரு பாகம் இல்லாமல் காத்திருக்கும். டையின் விளிம்பு மழுங்கிப் பிசிறு விழத் தொடங்கியிருந்தால், அது வெல்டிங்கில் தெரியவரும்போது 3000 பாகங்களும் அடிக்கப்பட்டு முடிந்திருக்கும். மாற்றும் நேரம் அப்படியே இருக்க இன்னொரு பிரஸ் வாங்கினால், இந்தத் தொட்டிகள் குறையப்போவதில்லை.

இதன் கணக்கு பழையது. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் வகுத்த சூத்திரத்தின்படி, சிக்கனமான லாட் அளவு, ஒருமுறை மாற்றுவதற்கு ஆகும் செலவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். இரண்டு மணி நேரம் அரை மணியாகி, செலவும் அதே அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், லாட் அளவைப் பாதியாக்கலாம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி மீதியைச் சொல்கிறது: உற்பத்தி வேகம் மாறாதிருக்க, லாட் சிறுத்து நடுவில் தேங்கிய சரக்கு பாதியானால், ஒரு பாகம் உள்ளே நுழைந்து வெளியேறும் காலமும் பாதியாகும். வாடிக்கையாளர் தாமதம் என்று புகார் செய்வது இந்தக் காலத்தைத்தான்.

இந்தக் கேள்வியை எதிர்கொண்ட முதல் ஆள் நானல்லன். 1950இல் ஹிரோஷிமாவில், மஸ்டா வாகனங்களைத் தயாரித்த டோயோ கோக்யோ ஆலையில், பெரிய பிரஸ்களே முட்டுக்கட்டை என்று கருதி இன்னும் இயந்திரங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கு ஆலோசகராகச் சென்ற ஷிகெயோ ஷிங்கோ, முதலில் ஒரு டை மாற்றத்தை நின்று பார்த்தார். ஒரு போல்ட்டைக் காணவில்லை. தேடிப்போனவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, பக்கத்து இயந்திரத்துக்குரிய நீளமான போல்ட்டை வெட்டி மரை போட்டு எடுத்து வந்தார். அவ்வளவு நேரமும் 800 டன் அழுத்தும் திறனுள்ள பிரஸ் சும்மா நின்றது. பிரஸ் நிற்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகளையும், அது ஓடும்போதே செய்து முடித்துவிடக்கூடிய வேலைகளையும் பிரிக்க வேண்டும் என்ற அவரது முறை இங்குதான் முளைவிட்டது. பின்னர் 1969இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேர மாற்றம் முதலில் ஒன்றரை மணி நேரமாகி, அடுத்து மூன்று நிமிடமானது.

எங்கள் பிரிவிலும் நாங்கள் நின்று பார்த்தோம். கடைசிப் பாகம் விழுந்து பிரஸ் நின்ற பிறகுதான் டை மாற்றும் தொழிலாளியான செட்டர் அடுத்த டையைத் தேடிப் போனார். டையைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்புகளின் போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வேறு ஸ்பேனர். நீளமான மரை முழுவதும் நட்டைச் சுற்றிக் கழற்றினார். உண்மையில் பிடிமானத்தைத் தருவதும் விடுவிப்பதும் கடைசி ஒரு சுற்றுதான். டைக்கு டை உயரம் மாறியதால் ஷட் ஹைட்டை (பிரஸ் முழுவதும் கீழிறங்கி நிற்கையில் டைக்குக் கிடைக்கும் உயர இடைவெளியை) ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. யாரும் கணக்கில் வைத்திராதது இன்னொன்று: முதல் பாகம் தர ஆய்வறையில் போய்க் காத்திருந்தது, ஆய்வாளர் வேறு பிரிவில் இருந்தார்.

செய்த திருத்தங்களில் எதுவும் பெரிய பொறியியல் இல்லை. முந்தைய லாட் முடிவதற்குள் அடுத்த டை தள்ளுவண்டியில் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். உயரம் குறைந்த டைகளுக்கு அடியில் தகடு பொருத்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். போல்ட்டும் ஸ்பேனரும் ஒரே அளவாயின. அளவுக் கருவி டையோடு சேர்ந்தே வந்தது. ஆய்வாளருக்கு முன்னதாகவே தகவல் போனது. கடினமாக இருந்தது மனித விஷயம். "எல்லாத்தையும் எழுதி ஒட்டிட்டா நான் எதுக்கு சார்?" என்று மூத்த செட்டர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு டைக்கும் உரிய அமைப்புத் தாளை அவரையே எழுதச் சொன்னோம். தாளைத் திருத்தும் அதிகாரமும் அவரிடமே இருந்தது.

இந்த வழிக்கும் பராமரிப்பு உண்டு. அதுவே இதன் பலவீனம். இயந்திரம் பழுதானால் சத்தம் போட்டுச் சொல்லும். மாற்றும் நேரம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவது யாருக்கும் கேட்காது: ஒரு போல்ட் வேறு பிரஸ்ஸுக்குப் போகும், அவசரத்தில் ஒருநாள் டை முன்கூட்டியே வராது, அதுவே வழக்கமாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்தின் நேரத்தையும் பலகையில் எழுதிவைக்காத இடத்தில் இது நிலைக்காது.

எப்போது பிரஸ்ஸையே வாங்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போதும். மாதத்துக்குத் தேவையான ஒவ்வொரு பாகத்தின் எண்ணிக்கையையும் அதை அடிக்க ஆகும் விநாடிகளால் பெருக்கிக் கூட்டுங்கள். மாற்றும் நேரத்தை அறவே சேர்க்காதீர்கள். அந்தத் தொகை மட்டுமே கையில் உள்ள ஷிப்ட் நேரத்தைத் தாண்டினால், டை மாற்றத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பயனில்லை. அதேபோல் முட்டுக்கட்டை வெல்டிங்கில் இருந்தால், பிரஸ்ஸில் எதைச் செய்தாலும் வெளியே போகும் சரக்கு கூடாது.

என் அனுபவம் பிரஸ் பிரிவோடு நிற்கிறது. பிளாஸ்டிக் மோல்டிங்கில் அச்சைச் சூடேற்றும் நேரமும், முந்தைய நிறத்தை வெளியேற்றும் நேரமும் சேர்வதால் கணக்கு வேறாக இருக்கலாம். ஹைட்ராலிக் கிளாம்ப் போன்ற விரைவு அமைப்புகளை நான் நீண்டகாலம் பயன்படுத்தியதில்லை. அவை போட்ட பணத்தைத் திருப்பித் தருமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டுமே தேவைப்படும் நிலையிலும் டை மாற்றத்தையே முதலில் எடுத்துக்கொள்வேன். டைகளின் உயரமும் கிளாம்ப் இடங்களும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால், புதிய பிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே ஷட் ஹைட்டையும் மேடையில் கிளாம்ப் போல்ட்டுகளைப் பொருத்தும் டி-வடிவப் பள்ளங்களின் இடைவெளியையும் அதற்கேற்பக் குறிப்பிட்டுக் கேட்கலாம்; அப்போது எந்த டையும் எந்தப் பிரஸ்ஸிலும் ஏறும்.