பிரௌசர் எஞ்சினுக்கு டெஸ்ட்: சொந்தமா, பொறுக்கி எடுத்ததா, முழுத் தொகுப்பா?

சின்னத் திறமூல பிரௌசர் எஞ்சின் (வெப் பக்கத்தின் கோப்புகளைப் படித்துத் திரையில் காட்டும் பகுதி) ஒன்றில் சில பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். யாருக்கும் இது முழுநேர வேலை இல்லை. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட், சர்வோ எல்லாம் பொதுவில் பயன்படுத்தும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் என்ற தரநிலைச் சோதனைத் தொகுப்பை எங்கள் ரெப்போவில் (நிரல் வைத்திருக்கும் களஞ்சியத்தில்) எப்படிச் சேர்ப்பது என்று மாதக்கணக்கில் விவாதித்து, கடைசியில் முழுத் தொகுப்பையும் உள்ளே கொண்டுவந்தோம். அதற்கு முன்னால் மற்ற இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்தாயிற்று.

முதலில் இருந்தவை நாங்களே எழுதிய டெஸ்ட்டுகள். கிராஷ் ஆன பக்கத்தைச் சுருக்கி ஒரு கோப்பாகப் போட்டுவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது, அதற்கு இன்றும் வைத்திருக்கிறோம். ஆனால் டெஸ்ட்டை எழுதுபவரும் நிரலை எழுதுபவரும் ஒரே ஆள் என்றால், அவர் தப்பாகப் புரிந்துகொண்டது இரண்டிலும் ஒரே மாதிரி ஏறிவிடும். பட்டியல்களுக்குத் தமிழ் எண் போடும் வசதியை எழுதியவன் நான். பத்தாவது வரிக்கு ௰ வர வேண்டும் என்று நிரலும் எழுதினேன், டெஸ்ட்டும் எழுதினேன், பாஸ் என்று பச்சை விழுந்தது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். தரநிலையிலோ ‘தமிழ்’ என்பது இடமதிப்பு முறை, பத்துக்கு ௧௦ தான் வர வேண்டும். பொதுத் தொகுப்பில் இதற்கென்றே தமிழ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதை ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாவது வழி, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது. லேடிபேர்ட் என்ற இன்னொரு திறமூல பிரௌசர் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, தேவையான டெஸ்ட்டுகளைத் தன் ரெப்போவுக்குள் எடுத்துக்கொள்கிறது. முழுத் தொகுப்பைத் தனியாக ஓட்டிப் பார்க்கிறது. ரெப்போ பெருத்துவிடாது, சிஐ (மாற்றம் வரும்போது டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) சீக்கிரம் முடியும், பேட்ச்சோடு (நிரல் மாற்றத்தோடு) அதற்கான டெஸ்ட்டும் வருவதால் ரிவ்யூ செய்பவருக்கும் வசதி. நாங்களும் ஓராண்டுக்கு மேல் இப்படித்தான் இருந்தோம்.

எங்களைக் கவிழ்த்தது பராமரிப்பு. எடுத்துவந்த டெஸ்ட் எடுத்த நாளோடு உறைந்துவிடுகிறது, தரநிலை நகர்ந்துகொண்டே இருக்கிறது. செக்‌ஷனுக்குள் வரும் எச்1 தலைப்பு சாதாரண எழுத்தளவின் 1.5 மடங்காகவும், இரண்டு செக்‌ஷன் ஆழத்தில் 1.17 மடங்காகவும் சுருங்கும் என்ற பழைய விதியை எச்.டி.எம்.எல். தரநிலை 2025-ல் நீக்கியது. மேலே பொதுத் தொகுப்பில் டெஸ்ட்டும் மாறியது. எங்கள் நகலோ பழைய அளவையே சரிபார்த்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. தலைப்பு ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று ஒருவர் பக் போட்ட பிறகுதான் பார்த்தோம். ஃபெயில் ஆகும் டெஸ்ட்டை யாராவது கவனிப்பார்கள். பழைய விதிக்குப் பாஸ் ஆகும் டெஸ்ட்டை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பொறுக்கி எடுத்ததை வாராவாரம் மேலே உள்ளதோடு ஒப்பிட ஓர் ஆள் இருந்தால் இந்த வழியும் தாங்கும். எங்களிடம் அந்த ஆள் இல்லை.

மூன்றாவது வழி சர்வோவும் ஃபயர்ஃபாக்ஸும் செய்வது. முழுத் தொகுப்பும் ரெப்போவுக்குள் இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டரில், ஃபெயில் ஆகும் டெஸ்ட்டுக்கு மட்டும் ஐ.என்.ஐ. வடிவில் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு: டெஸ்ட்டின் பெயர், அடியில் ‘எக்ஸ்பெக்டட்: ஃபெயில்’ என்று ஒரு வரி. எதிர்பாராமல் ஃபெயில் ஆனாலும் சிஐ சிவக்கும், எதிர்பாராமல் பாஸ் ஆனாலும் சிவக்கும். இந்த இரண்டாவது பாதிதான் என் மனதை மாற்றியது. ௧௦ பிரச்சினையைச் சரிசெய்த பேட்ச்சில் நிரல் நான்கைந்து வரிதான் மாறியது. கூடவே தமிழ் ஃபோல்டருக்கான ‘ஃபெயில்’ கோப்புகள் அழிந்தன. ரிவ்யூ செய்தவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அழிந்த கோப்புகளைப் பார்த்தே ஒப்புதல் கொடுத்தார்.

மேலே உள்ள பொதுத் தொகுப்போடு ஒத்திசைவும் இதில் அடங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை புதிய தொகுப்பை இழுத்து ஓட்டுகிறோம். மேலே மாறியது புதிய ‘ஃபெயில்’ வரியாக வந்து நிற்கும். அந்த எச்1 கதை இப்போது நடந்தால் அந்த வாரமே கமிட்டில் தெரிந்துவிடும்.

விலை இருக்கிறது. உட்சோதனைகளாக எண்ணினால் தொகுப்பு 20 லட்சத்தை ஒட்டி வரும், ரெப்போவை நகலெடுக்கும் குளோன் கனக்கிறது. பைத்தான் சர்வர் ஓட வேண்டும், லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைன்களைச் சேர்க்க வேண்டும். புதிதாக வருபவர் முதல் நாளே இங்கே மாட்டுகிறார். ஒருமுறை டைம்அவுட், ஒருமுறை பாஸ் என்று ஆடும் டெஸ்ட்டுகளுக்கு நாங்கள் இன்னும் நல்ல வழி கண்டுபிடிக்கவில்லை. இப்போதைக்கு இரண்டு முடிவையும் ஏற்கும்படி எழுதிவைக்கிறோம். இதெல்லாம் லினக்ஸில் பார்த்தது. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. தனி ஆளாக ஓட்டும் எஞ்சின் என்றால் பொறுக்கி எடுப்பதில் தொடங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால் முழுதாகவே எடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளே ஓட்ட வேண்டாம். சர்வோவில் எந்த ஃபோல்டரை ஓட்டலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சொல்ல ஒரே ஒரு கோப்பு இருக்கிறது. அதே போல ஒன்று வைத்து நாங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, யூ.ஆர்.எல். (வெப் முகவரி), டாம் (பக்கத்தின் உறுப்புகளை மரமாக வைக்கும் அமைப்பு) இரண்டை மட்டும் திறந்தோம். யூ.ஆர்.எல். டெஸ்ட்டுகளுக்கு லேஅவுட் (பக்கத்தைத் திரையில் அடுக்கும் வேலை) தேவையே இல்லை, அரைகுறை எஞ்சினிலும் ஓடும். மூன்றாவதாகத் திறந்தது அந்தத் தமிழ் ஃபோல்டர் இருக்கும் எண்முறைகள் ஃபோல்டர்.