ஏலத்தோட்டப் படங்களும் லேபிள் ஸ்டூடியோவும்: சில பருவம் புழங்கிய பிறகு

கம்பம்மெட்டு ஏறினால் அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய இறங்கும் எங்கள் ஊர்க்காரர்கள் போனில் எடுத்து வரும் படங்கள்தான் எங்கள் வேலைக்கு மூலதனம். இலையில் கட்டே என்ற வைரஸ் நோயையும், காயில் இலைப்பேன் என்ற சிறு பூச்சி அடித்த சொறியையும் கணினி பார்த்ததும் சொல்ல வேண்டும். அதற்கான படங்களைச் சேர்த்து, நோய் தெரியும் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, அது என்னவென்று லேபிள் கொடுக்கும் வேலையை கம்பத்தில் லேபிள் ஸ்டூடியோ என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் செய்துவருகிறோம். இத்தனை நாள் புழங்கியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. படங்களை அதில் அப்லோடு செய்ய வேண்டாம். படம் இருக்கிற ஃபோல்டரை அதற்குக் காட்டி விட்டால் போதும்.

அப்லோடு பட்டன் பத்து இருபது படத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால் சிக்கல் பெயரில் வரும். ஏற்றுகிற ஒவ்வொரு படத்தையும் அது தன் சொந்த ஃபோல்டருக்குள் நகலெடுத்து, பெயருக்கு முன்னால் புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு துண்டை ஒட்டிவிடும். ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் மோதாமல் இருக்க அது தேவைதான். ஆனால் லேபிள் முடிந்து வெளியே எடுக்கும்போது, இது வண்டன்மேட்டுப் படமா, நெடுங்கண்டமா என்று மூலப் படத்தோடு பொருத்துவது தனி வேலையாகிவிடும். டிஸ்க்கிலும் எல்லாம் இரண்டு பிரதி.

ஃபோல்டரைக் காட்டிவிடும் லோக்கல் ஸ்டோரேஜ் வழி இதைவிட நேரானது. நிரலைத் தொடங்கும் முன், அது தொடங்கும்போது படித்துக்கொள்ளும் சூழல் மாறிகள் (environment variables) இரண்டைக் கொடுக்க வேண்டும்: ஒன்று, கணினியில் உள்ள கோப்புகளைக் காட்ட அனுமதி, இன்னொன்று, தாய் ஃபோல்டர் எது என்பது. பிறகு ப்ராஜெக்ட் அமைப்பில் கிளவுட் ஸ்டோரேஜ் என்ற தலைப்புக்குள் போனால் லோக்கல் ஃபைல்ஸ் இருக்கும். தலைப்பில் கிளவுட் என்றிருந்தாலும் படம் எதுவும் கணினியை விட்டு வெளியே போகாது. தங்கள் தோட்டம் எங்கே இருக்கிறது என்ற ஜிபிஎஸ் விவரம் படத்தோடு ஒட்டியிருப்பதால், தோட்டக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். அங்கே கொடுக்கும் பாதை தாய் ஃபோல்டராகவே இருந்தால் ஏற்காது. அதற்குள் இருக்கும் ஒரு ஃபோல்டராக இருக்க வேண்டும். சிங்க் (ஃபோல்டரில் இருப்பதைப் படித்துக்கொள்ளும் பட்டன்) கொடுத்தால் டேட்டாபேஸில் முகவரி மட்டும் பதியும், படம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சிங்க் செய்த பிறகு படத்தின் பெயரை மாற்றினால், அடுத்த சிங்கில் அது புதுப் படமாக வந்து உட்காரும். பழைய பதிவு திறக்காத படமாக அங்கேயே கிடக்கும். டிஸ்க்கிலிருந்து அழித்தாலும் அப்படித்தான். ஆகவே பெயர் வைக்கும் வேலையை முதலிலேயே முடித்துவிட வேண்டும். எங்கள் பெயரில் தோட்டத்தின் குறியீடு, ஆண்டு முதலில் வரும் தேதி, எடுத்தவர் போனின் எண், வரிசை எண் ஆகிய நான்கும் இந்த ஒழுங்கில் இருக்கும். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் தமிழில் பெயர் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் விண்டோஸில், படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகம் அப்படிப்பட்ட பாதையைத் திறக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பும், நிரலும் நிற்காது. அதனால் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், லேபிள்கள் தமிழில்.

படம் வந்து சேரும் வழியில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். கட்டே நோய் முதலில் இளம் இலையில் தெரியும். பச்சைக்குள் வெளிறிய பச்சைக் கோடுகள், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சிறுத்து, நிற நுணுக்கம் குறைந்து, அந்தக் கோடுகள்தான் முதலில் மங்கிப்போகும். எடுத்த தேதியும் இடமும் கூடவே போய்விடும். 2023-இல் வந்த ஹெச்டியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் முழுசாக வரும். மலையில் சிக்னல் நிலையாக இல்லாததால் பெரும்பாலும் ஜீப் இறங்கியதும் கேபிள் போட்டு எடுத்துக்கொள்கிறோம்.

போனைத் திருப்பிப் பிடித்து எடுத்த படங்களையும் கவனிக்க வேண்டும். எந்தப் பக்கம் மேல் என்பது, படக் கோப்புக்குள் போன் எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பில் இருக்கும். உலாவி அதைப் படித்து நேராகக் காட்டும், நாமும் நேராகவே கட்டம் போடுவோம். பைத்தான் நிரலில் படம் திறக்க உதவும் பில்லோ நூலகம் அதைத் தானாகப் பார்க்காது. படம் படுத்துக்கொள்ளும், கட்டம் வேறு இடத்தில் விழும். சிங்க்குக்கு முன்பே எல்லாப் படத்தையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூலம் நிரந்தரமாக நிமிர்த்தி வைத்துவிடுவது நல்லது.

காய்க்கு லேபிள் போட, போடியில் ஏலக்காய் பிரித்துப் பழகிய ஒரு அக்கா வருகிறார். படத்தைப் பெரிதாக்கி, "தம்பி, இது பேனு இல்ல, காய்ச்சரம் மண்ணுல ஒரசுன தழும்பு. பேனு கடிச்சா தோலு பூரா செதில் செதிலா இருக்கும், பாரு" என்று காட்டுவார். அவர் சொன்னதற்காகவே தழும்பு என்று தனி லேபிளும், சந்தேகம் என்று இன்னொன்றும் சேர்த்தோம். லேபிளைச் சேர்ப்பது இந்தக் கருவியில் எளிது. கணினியைப் பழக்கப் பயன்படும் யோலோ வடிவில் வெளியே எடுக்கும்போது மட்டும், கூடவே வரும் லேபிள் பட்டியலில் வரிசை எண் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயைக் கண்டறியக் கற்கும் மாடலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் படம் பிரிப்பதை லேபிள் ஸ்டூடியோ நமக்கே விட்டுவிடுகிறது. ஒரே செடியை ஒருவர் அடுத்தடுத்து நாலைந்து எடுத்திருப்பார். குலுக்கிப் பிரித்தால் அதில் இரண்டு பயிற்சியிலும் மீதி சோதனையிலும் விழும். மதிப்பெண் ஏறும், புதுத் தோட்டத்துக்குப் போனால் மாடல் திணறும். பெயரின் முதலிலேயே தோட்டக் குறியீடு இருப்பதால், ஒரு தோட்டத்தை முழுசாக ஒதுக்கி வைத்துச் சோதிப்பது எங்களுக்கு ஒரு வரி வேலை.

இலவசப் பதிப்பில் ஆளுக்கொரு அதிகாரம் பிரித்துக் கொடுக்க வழியில்லை, உள்ளே வந்தவர் எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம். ஒரே அறையில் நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் எங்களுக்கு அது பாரமில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது லேபிள்களை ஜேசான் (JSON) கோப்பாக எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம்.