எம்.இ. பிராஜெக்டுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி கான்கிரீட் லேப்கள்: எந்த டெஸ்டுக்குப் போகலாம், எதற்குக் கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்ட்ரக்சுரல் எம்.இ. படிப்பவர்கள் ஃபேஸ் 2 (கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்) வேலைக்கு நம் பக்கத்துத் தனியார் லேப்களில் க்யூப் (கனசதுரக் கான்கிரீட் கட்டி) உடைத்து வலிமை பார்க்கத் தாராளமாகப் போகலாம். சிலிண்டர் பிளப்பு டெஸ்டுக்கு, நாலு கேள்வி கேட்ட பிறகு போகலாம். பிரிசம் (நீளக் கான்கிரீட் கட்டை) வளைவு டெஸ்டுக்கு, மெஷினைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எந்த லேபின் பெயரையும் இங்கே போடவில்லை. ஆள் மாறினால் அதே லேபின் தரமும் மாறும் என்பதால் பெயரை விட, எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உதவும்.

இந்த லேப்களுக்குச் சோறு போடுவது கான்ட்ராக்டர்கள். அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்று: எம்30 (28 நாளில் 30 மெகாபாஸ்கல் தாங்க வேண்டிய கான்கிரீட்) போட்டேன், பாஸா இல்லையா? 36 வந்தாலும் 41 வந்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான். எம்.இ. மாணவரின் கேள்வி வேறு. கிரானைட் பவுடர் 10 சதவீதம் போட்ட கலவை, போடாத கலவையை விட 2 மெகாபாஸ்கல் கூடுதலா என்பதுதான் அவர் தீசிஸே. மூன்று க்யூப்களின் சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் 15 சதவீதம் வரை விலகலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 விடுகிறது. சராசரி 38 என்றால் 33-ம் 43-ம் ஒரே செட்டில் உட்காரலாம். அந்த இடைவெளிக்குள் உங்கள் 2 மெகாபாஸ்கல் காணாமல் போய்விடும். லேபைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வழக்கமாகச் செய்வதை விட இறுக்கமாகச் செய்ய வைப்பது நம் வேலை.

எம்30-க்கு இலக்கு வலிமை (கலவை போடும்போது குறிவைக்கும் சராசரி) 38.25 மெகாபாஸ்கல், அதாவது சதுர மி.மீ.க்கு 38.25 நியூட்டன். 150 மி.மீ. க்யூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ., ஆக உடைய வேண்டிய லோடு சுமார் 860 கிலோநியூட்டன். லோடு ஏற்றும் வேகம் நிமிஷத்துக்குச் சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன், அதாவது 315 கிலோநியூட்டன். மெஷினில் பேஸ் ரேட் (லோடு ஏறும் வேகம்) செகண்டுக்கு 5.2 கிலோநியூட்டன் என்று வைப்பது இதனால்தான். இந்தக் கணக்கில் ஒரு க்யூப் உடைய இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஆக வேண்டும். முக்கால் நிமிஷத்தில் 'டப்' என்று சத்தம் கேட்டால் ஆபரேட்டர் வால்வை முழுசாகத் திறந்துவிட்டார் என்று அர்த்தம். வேகம் கூடினால் வலிமையும் கூடுதலாகக் காட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வேறு யாருடைய க்யூபாவது உடைவதைக் கைக்கடிகாரத்தோடு நின்று பாருங்கள். லேபைப் பற்றி வேறு விசாரணையே வேண்டாம்.

அப்போதே இன்னும் மூன்று விஷயம் தெரிந்துவிடும். தண்ணீரிலிருந்து எடுத்த க்யூபை மேற்பரப்பை மட்டும் துடைத்து ஈரமாகவே வைக்கிறார்களா, இல்லை காலையிலேயே வெளியே எடுத்து வெயிலில் அடுக்கிவிட்டார்களா? காய்ந்த க்யூப் கூடுதல் எண் காட்டும். கரணை தேய்த்த மேல்முகம் பக்கவாட்டில் இருக்கிறதா? அதுதான் சரி. மேல்முகத்தின் மேலேயே லோடு ஏற்றினால் அந்த ரீடிங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்றாவது, உடைந்த பிறகு நடுவில் இடுப்புச் சிறுத்து இரண்டு கூம்பு போல நிற்கிறதா? ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து மறுபக்கம் முழுசாக இருந்தால் க்யூப் மையத்தில் வைக்கப்படவில்லை, அல்லது மோல்டு கோணல்.

மோல்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். நம் பக்கத்து லேப்களின் பெரிய பலவீனம் அதுதான். சைட்டுக்கு வாடகைக்குப் போய்ப் போய் அடிபட்ட வார்ப்பிரும்பு மோல்டுகள்; போல்ட் முறுக்கினாலும் மூலையில் சிமென்ட் பால் ஒழுகும். ஒழுகிய மூலையில் தேன்கூடு போல ஓட்டை விழும், வலிமை குறையும். ஒரு பக்கம் 152 மி.மீ. இருந்து 150 என்று கணக்குப் போட்டாலே 1.3 சதவீதம் பிழை. ஒரு ஸ்டீல் ஸ்கேலும் மூலைமட்டமும் கொண்டு போய், நல்ல மோல்டுகளைப் பொறுக்கி, சாக்பீஸில் நம்பர் போட்டு, எல்லாக் கலவைக்கும் அவற்றையே கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் தருவார்கள்.

இனி கலவை அளவு. மணலில் 0, 5, 10, 15, 20 சதவீதத்துக்குப் பதில் கிரானைட் பவுடர் என்று ஐந்து கலவை, ஒவ்வொன்றுக்கும் 7 நாள், 28 நாள் கழித்து உடைக்க 6 க்யூப், 3 சிலிண்டர், 3 பிரிசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலவைக்கு 0.051 கன மீட்டர், சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 0.059. கன மீட்டருக்கு 380 கிலோ சிமென்ட் என்றால் கலவைக்கு 22.4 கிலோ, ஐந்துக்கும் 112 கிலோ. டிரையல் கலவைக்கும் சேர்த்து 4 மூட்டை, ஒரே வாரத் தேதி அச்சடித்ததாக ஒரே கடையில் வாங்கி, பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். லேப் சிமென்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுவது நல்லது. இந்த மாதம் ஒரு பிராண்டு, அடுத்த மாதம் ஒன்று என்று வரும்.

எம்-சாண்டில்தான் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பெரும்பாலான தீசிஸ் வழுக்கி விழுகிறது. கிரஷரில் கழுவி அனுப்பும் எம்-சாண்ட் ஈரமாகத்தான் வரும். ஒரு கலவைக்கு 41 கிலோ மணல். ஈரம் 5 சதவீதம், உறிஞ்சுவது 2 சதவீதம் என்றால் மிச்சம் 3 சதவீதம், அதாவது 1.2 லிட்டர் தண்ணீர் நீங்கள் ஊற்றாமலேயே உள்ளே போகும். கலவைக்கு நீங்கள் கணக்குப் போட்ட தண்ணீரே 10 லிட்டர்தான். 0.45 என்று எழுதிய நீர்-சிமென்ட் விகிதம் உண்மையில் 0.5-ஐத் தாண்டிவிடும். லேபில் மணல் குவியல் வெட்டவெளியில் கிடந்தால் காலையில் ஒரு ஈரம், மத்தியானம் ஒரு ஈரம். முதல் நாளே தார்ப்பாயில் பரப்பி உலர்த்தி மூட்டையில் கட்டச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் ஒவ்வொரு கலவைக்கும் முன்னால் அரைக் கிலோ மணலை வாணலியில் வறுத்து எடை பாருங்கள். எம்-சாண்டுக்குப் பதில் பி-சாண்ட் வந்துவிடாமலும் கவனிக்க வேண்டும், அது பூச்சு வேலைக்கு.

சூப்பர்பிளாஸ்டிசைசருக்கு (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) லேப் தராசு உதவாது. 22.4 கிலோவுக்கு 0.8 சதவீதம் என்றால் 179 கிராம். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் 50 கிராமுக்கு ஒரு கோடு. ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

கிரானைட் பவுடருக்கு கிருஷ்ணகிரியை விட நல்ல ஊர் கிடையாது. ஆனால் எந்த ஃபேக்டரி, எந்த மெஷின் என்று கேட்டு வாங்க வேண்டும். இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் போட்டு அறுக்கும் கேங்சாவின் (பல பட்டை ரம்பம்) ஸ்லரியில் (அறுப்புச் சேறு) இரும்புத் துகள் கிடக்கும், கான்கிரீட்டில் துருக்கறை வரும். காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தாலே தெரிந்துவிடும். வைர முனைக் கம்பியில் அறுத்த ஸ்லரி சுத்தமானது. ஐந்து கலவைக்கும் சேர்த்து உலர்ந்த பவுடர் 21 கிலோதான் வேண்டும். ஈரமாக 60 கிலோ ஒரே தடவையில் அள்ளிவந்தால் வடிந்து, உலர்ந்து, சலித்த பிறகும் மிஞ்சும். உலர்ந்ததும் ஓடு போல் கெட்டியாகும். உடைத்துச் சலிக்காமல் போட்டால் கான்கிரீட்டுக்குள் கட்டி கட்டியாக நிற்கும், உடைந்த முகத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். லேப் ஆட்கள் இந்தச் சலிக்கும் வேலையைச் செய்ய மாட்டார்கள், செய்ததாகச் சொல்வார்கள்.

கிரானைட் பவுடர் பெரும்பாலும் இடத்தை அடைக்கும் நிரப்பிதான், சிமென்டோடு வினைபுரிவது அரிது. அதனால் 56 நாள் டெஸ்டுக்குப் பணம் செலவழிப்பது வீண். மேட்டூர் ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) சேர்த்தால் கதை வேறு, அப்போது 56 கட்டாயம் வேண்டும்.

சிலிண்டர் பிளப்பு டெஸ்டில் உடையும் லோடு சுமார் 210 கிலோநியூட்டன். 2,000 கிலோநியூட்டன் மெஷினில் அது பத்தில் ஒரு பங்கு. காலிபரேஷன் சான்றிதழில் 200-க்குக் கீழும் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். சில சான்றிதழ்கள் 400-ல்தான் ஆரம்பிக்கும். மேலும் கீழும் வைக்கும் ஹார்ட்போர்டு பட்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் புதிதாக வேண்டும். நசுங்கிய பட்டையையே திரும்ப வைப்பது வழக்கமாகிவிட்டது.

பிரிசம்தான் மோசம். 100 × 100 × 500 பிரிசம், 400 மி.மீ. தாங்கு இடைவெளி, உடைய 10 கிலோநியூட்டன் போதும். இதை அதே 2,000 கிலோநியூட்டன் மெஷினில் ஒரு இணைப்பை மாட்டிச் செய்து தருகிறேன் என்பார்கள். மொத்தத் திறனில் அது அரை சதவீதம். வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. 100 கிலோநியூட்டன் தனி ஃபிளெக்சர் மெஷின் இருந்தால் மட்டும் செய்யுங்கள். நிமிஷத்துக்கு 180 கிலோ (சுமார் 1.8 கிலோநியூட்டன்) ஏற்றுவதுதான் முறை, ஒரு பிரிசத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். விரிசல் எங்கே விழுந்தது என்பதை அருகிலிருந்த தாங்கியிலிருந்து அளந்து எழுதச் சொல்லுங்கள்: 133 மி.மீ.க்கு மேல் என்றால் ஒரு சூத்திரம், 110-க்கும் 133-க்கும் நடுவில் என்றால் வேறு, 110-க்குக் கீழ் என்றால் அந்தப் பிரிசமே கணக்கில் இல்லை. இந்த அளவு இல்லாத ரிப்போர்ட்டை வாங்கி வந்தால் வைவாவில் மாட்டுவது நீங்கள்தான்.

கியூரிங் தொட்டி பரவாயில்லை. தண்ணீர் 27 டிகிரிக்கு 2 கூடக்குறைய இருக்க வேண்டும். கோடையில் ஷெட்டுக்கு வெளியே இருக்கும் தொட்டியில் அந்த அளவு நிற்காது, மார்கழியில் ஓசூர்ப் பக்கம் இன்னும் மோசம். நம் போர் தண்ணீர் என்றதும் ஃபுளோரைடு நினைவுக்கு வரும், ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல்லுக்கும் எலும்புக்கும் அது எமன், க்யூபுக்கு இல்லை. ஐ.எஸ். 456-ன் தண்ணீர் வரம்புகளில் ஃபுளோரைடு கிடையாது. குளோரைடு, சல்பேட், பி.எச். மூன்றையும் பார்த்தால் போதும்.

தேதி விஷயத்தில் லேப்பை நம்ப வேண்டாம், நீங்களே காலண்டரில் குறியுங்கள். 7, 28, 56 எல்லாமே ஏழின் மடங்கு, எந்தக் கிழமை வார்த்தீர்களோ அதே கிழமையில்தான் உடைக்க வேண்டும். ஞாயிறு வார்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமையும் கூடாது, மறுநாள் மோல்டு கழற்ற ஆள் வரமாட்டார். செவ்வாய், புதன் உத்தமம். ஒரு நாளைக்கு இரண்டு கலவைக்கு மேல் ஒத்துக்கொண்டால் லேப் தம்பி அவசரப்படுவார், மோல்டில் கான்கிரீட்டை இறுக்க அடுக்குக்கு 35 குத்து என்பது 15 ஆகிவிடும்.

கல்லூரியிலேயே வார்த்து லேபில் உடைக்கலாம் என்பவர்களுக்கு: ஐந்து கலவைக்கும் சேர்த்து 614 கிலோ, ஒரு குட்டி யானை லோடு. ஈரச் சாக்கு போர்த்தி, மணல் மேல் அடுக்கிக் கொண்டு போங்கள்.

கட்டணம் மூன்று க்யூப் ஒரு செட் என்ற கணக்கில் இருக்கும், வார்ப்பதற்குத் தனி. ரிப்போர்ட்டில் மெகாபாஸ்கல் மட்டும் போதாது. ஒவ்வொரு க்யூபின் எடை, அளவு, உடைந்த லோடு மூன்றும் வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். எடை 8.1 கிலோவை ஒட்டி இருக்கும். 7.6 என்று ஒன்று வந்தால் அது சரியாகக் குத்தாத க்யூப்.

எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்), எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-ரே மூலம் உள்ளே என்ன தாது என்று பார்ப்பது) இரண்டுக்கும் பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கான துண்டை 28 நாள் க்யூப் உடைந்த உடனே, நடுப்பகுதியிலிருந்து, ஜல்லி இல்லாத சாந்தாகப் பொறுக்கி அசிட்டோனில் போட்டுவிடுங்கள், சிமென்ட் மேற்கொண்டு வினைபுரியாமல் நிற்கும். உடைந்த க்யூப்களைச் சாயங்காலமே டிராக்டரில் ஏற்றிப் பள்ளம் நிரப்ப அனுப்பிவிடுவார்கள், மறுநாள் போய்க் கேட்டால் கிடைக்காது.