பந்தா, முகாமா, சும்மா உட்கார ஓர் இடமா?

எங்கள் சங்கத்தில் இந்த வருடமும் அதே பேச்சுதான். கையில் இருக்கும் கொஞ்சக் காசை எந்த இளையர் நடவடிக்கைக்குக் கொடுப்பது? பள்ளிக்கு மட்டம் போடுகிற, ராத்திரி பதினொரு மணிக்கும் அடுக்குமாடி புளோக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற, குண்டர் கும்பல் பக்கம் சாய்ந்துவிடுவானோ என்று அம்மா பயப்படுகிற பையன்களுக்கானது. வருகிற விண்ணப்பங்களில் முதல் பக்கத்தில் எப்போதும் ஒரே மாதிரிப் படம், டீ-சட்டை போட்ட பிள்ளைகள், தூக்கிய கட்டைவிரல். அதை வைத்து என்ன தெரியும்? அதனால் சிங்கப்பூரில் நடப்பவற்றை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் விடுமுறைக் காற்பந்து. காவல்துறையும் தேசியக் குற்றத்தடுப்பு மன்றமும் 2010இல் தொடங்கிய டெல்டா லீக் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 13 முதல் 17 வயதுக்காரர்களுக்கு, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில். இதில் ஆளைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதில்லை, பந்து என்றால் வந்துவிடுவார்கள். நேரமும் சரியான நேரம், பையன்கள் வேலையில்லாமல் சுற்றுவது அப்போதுதானே. போலீஸ்காரரிடம் பயமில்லாமல் நாலு வார்த்தை பேசிப் பழகுவதும் சின்ன விஷயம் கிடையாது. ஆனால் விடுமுறைப் போட்டியை விடுமுறைக்குத்தான் மதிப்பிட முடியும். மார்ச் மாதம் அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று அதனிடம் போய்க் கேட்பது நியாயமில்லை.

அடுத்து முகாம். புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சிப் பள்ளி 1967 முதல் இருக்கிறது. ஐந்து நாள் கயாக், கயிறு, மழை, கொசு எல்லாம் பட்டுத் திரும்புகிற பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாமும் 'பிரச்சினைப் பிள்ளைகளை' மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு முகாம் போடலாம் என்று கிளம்புகிறோமே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1939இல் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு என்று ஒன்று தொடங்கியது. பையன்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒருவனுக்கு ஆலோசனை, பாட உதவி எல்லாம் கொடுத்தார்கள், இன்னொருவனுக்கு ஒன்றும் இல்லை. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் சுமார் 30 ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி கிடைத்தவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. 1999இல் வந்த கட்டுரையில் அவரும் கூட்டாளிகளும் இன்னும் தோண்டியதில், கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் கெடுதல் பளிச்சென்று தெரிந்தது. சேட்டைக்காரர்களை ஒரே கூடாரத்தில் போட்டால் ஒருவன் சொல்லும் வீரக்கதைக்கு மற்றவன் சிரிக்கிறான், அடுத்த கதை இன்னும் பெரிதாகிறது. பல பள்ளி மாணவர்களைக் கலந்து அனுப்பும் முகாமில் இந்த ஆபத்து குறைவு.

சும்மா வந்து உட்கார ஓர் அறை, பூல் மேசை, வீடியோ கேம்? செலவு குறைவு, கூட்டமும் சேரும். சுவீடனில் மகோனியும் ஸ்டாட்டினும் 14 வயதினரைப் பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கான நடவடிக்கைகளில் இருந்தவர்களிடம் தவறான நடத்தை குறைவாகவும், கட்டுப்பாடற்ற இளையர் மையங்களுக்குப் போனவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. ஏற்கெனவே அலைகிற பிள்ளைகள்தான் அங்கே போகிறார்களோ என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எப்படியும், பெரியவர் யாரும் இல்லாத அறைக்கு நான் காசு தர மாட்டேன்.

கடைசியாக, வருடம் முழுக்க வாராவாரம் நடப்பது. விளையாட்டு வழியாக இளையருக்குக் கைகொடுக்கும் ஸ்போர்ட்கேர்ஸ் திட்டம் 2012இல் வந்தது, அதன் 'சேட்டர்டே நைட் லைட்ஸ்' காற்பந்துப் பயிற்சி இந்த ரகம். எனக்குப் பிடித்ததும் இதுதான். காரணம் பந்து இல்லை, அதே பயிற்றுநர் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்பதுதான். இப்படிப்பட்ட ஒரு குழுவைப் பார்க்கப் போனால் கோப்பைகளை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். வராதவன் பெயருக்கு நேரே வெறும் கோடு மட்டும் இழுத்திருக்கிறதா, இல்லை 'அம்மாவிடம் பேசினேன், காப்பிக்கடையில் இரவு வேலை, புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்' என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறதா? கிறுக்கல் இருக்கிற குழுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். குறையும் உண்டு: பயிற்றுநர் சம்பளம் வருடம் முழுக்க ஓடும், தொண்டூழியர்கள் பாதியில் கழன்றுகொள்வார்கள், அந்த ஒரு மனிதர் வேலை மாறினால் குழுவே கலைந்துவிடும்.

அப்புறம் பெண் பிள்ளைகள். காற்பந்து என்று எழுதிவிட்டாலே பாதிப் பேர் வெளியே போய்விடுகிறார்கள். நடனமோ நெட்பாலோ வாராவாரம் நடத்த யாராவது வந்தால் அதற்கும் பங்கு ஒதுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

'இத்தனை பேர் கலந்துகொண்டார்கள், இத்தனை பேர் மாறினார்கள்' என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரிப்படாது. தானாக வந்து கடைசிவரை நின்றவன் எந்த நடவடிக்கையும் இல்லாமலே தேறியிருக்கலாம். காத்திருப்புப் பட்டியலில் இடம் கிடைக்காமல் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும். அதுவும் நடவடிக்கை முடிந்த மறுநாள் வேண்டாம், ஆறு மாதம் கழித்து: பள்ளிக்குப் போகிறானா, ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் சேர்ந்தானா?

என் ஓட்டு வாராவாரக் குழுவுக்கு. முகாமுக்கு, கலந்த கூட்டமாக இருந்தால் மட்டும் கொஞ்சம். அடுத்த கூட்டத்துக்கு வரும் விண்ணப்பதாரர்கள் போன வருட வருகைப் பட்டியலையும் கொண்டுவரட்டும், பெயர்களை மறைத்துவிட்டு, பாதியில் விலகியவர்களையும் சேர்த்து.