மலையிறங்குவதா, 14416-ஐ அழைப்பதா?

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்ணொருவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால், மருந்து இலவசம் என்றாலும் அன்றைய கூலி போய்விடும். 2022 அக்டோபரில் தொடங்கிய, 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தரும் அரசுத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸோ நள்ளிரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசுகிறது. ஆனால் ஓரறை வீட்டில், தூக்கம் வராததைக் கூட மாமியார் காதில் விழாமல் சொல்ல இடமேது? (கொள்கை வகுப்போர் இதை எண்ணினார்களா என்பது என் ஐயம்.)

இருந்தாலும், மனநலக் குறைபாடு உள்ளோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று 2015–16 தேசிய மனநல ஆய்வு கண்டிருப்பதால், முதல் பேச்சுக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும் அவசர வேளைக்கும் தொலைபேசியையே முன்வைப்பேன். யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது, மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பது போன்றவற்றுக்கு மருத்துவரை நேரில் பார்ப்பதே சரி.