பழைய ஜான்சன் 10 குதிரைத்திறன் மோட்டார்: விலைச்சீட்டில் 1965, தகட்டில் 1956

ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிப் பகுதியில் பழைய படகுகளையும், படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களையும் வாங்கி விற்கும் கடை ஒன்றில், சென்ற கோடையில் ஜான்சன் சீஹார்ஸ் 10 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை 350 டாலருக்கு வாங்கினேன். விலைச்சீட்டில் ‘1965, ஓடும் நிலையில் உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். ஓடும் நிலை என்பது உண்மை. 1965 என்பதுதான் தவறு. இந்த வகை மோட்டார் வாங்கும் எவருக்கும் அந்தத் தவறு எவ்வளவு செலவு வைக்கக்கூடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

மேல்மூடிக்குப் புதுச் சாயம் பூசியிருந்ததால் நிறத்தைக் கொண்டு வயதைச் சொல்ல வழியில்லை. குதிரைத்திறனும் உதவாது, ஜான்சன் இந்தப் பத்துக் குதிரைத்திறன் மோட்டாரை 1949 முதல் 1963 வரை ஆண்டுதோறும் சிறு சிறு மாற்றங்களுடன் வெளியிட்டு வந்தது. 1964இல் அதன் இடத்துக்குத் தட்டையான தலை கொண்ட ஒன்பதரைக் குதிரைத்திறன் மோட்டார் வந்துவிட்டது. ஆக, 1965ஆம் ஆண்டின் பத்துக் குதிரைத்திறன் ஜான்சன் என்று சீட்டு எழுதியபோதே கடைக்காரருக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

படகின் பின்பலகையில் மோட்டாரை இறுக்கும் பிடிப்பில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கிறது. என்னுடைய மோட்டாரில் அதன்மேலும் சாயம் ஏறியிருந்தது. தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது முதலில் பீட்டர்பரோ என்ற ஊர்ப்பெயரும், அதன் கீழே க்யூடி-17 என்ற மாடல் எண்ணும் தெளிந்தன. பீட்டர்பரோவில்தான் கனடாவுக்கான ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்தார்கள். மோட்டார் பிறந்த ஊரிலிருந்து அதிக தூரம் போகவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. க்யூடி வரிசை 1949இல் 10 என்ற எண்ணில் தொடங்கி, 1963இல் 24 என்ற எண்ணில் முடிகிறது. எண்ணோடு 39ஐக் கூட்டினால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் கிடைத்துவிடும். 17உம் 39உம் 56. தகட்டிலுள்ள தொடர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்க முடியாது. மாடல் எண்தான் முக்கியம்.

தகட்டைப் படிக்கத் தெரியாதவர்கூட எரிபொருள் குழாயைப் பார்த்திருந்தால் போதும். இந்த மோட்டாருக்கு ஒட்டிய இரட்டைக் குழாய் செல்கிறது: ஒன்றின் வழியாக மோட்டார் தொட்டிக்குள் காற்றைச் செலுத்துகிறது, அந்த அழுத்தத்தில் மற்றொன்றின் வழியாகப் பெட்ரோல் வருகிறது. இது 1950களின் அடையாளம். பின்னர் எரிபொருள் பம்பு வந்து ஒற்றைக் குழாய் போதுமென்று ஆனது. இன்று கடைகளில் கிடைக்கும் ஒற்றைக் குழாய்த் தொட்டியை அப்படியே மாட்டினால் இது ஓடாது. நல்ல வேளையாக, பழைய தொட்டியையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

என் உண்மையான குறை, இந்த மோட்டாருக்குப் பெட்ரோலில் கலந்து ஊற்ற வேண்டிய எண்ணெயின் அளவைப் பற்றியது. ‘50:1 கலவை’, அதாவது ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், என்று கடைக்காரர் ஒரு சீட்டில் எழுதித் தந்தார். ஜான்சன் பெரும்பாலான மோட்டார்களை 50:1 கலவைக்கு மாற்றியது 1964இல்தான். 1956ஆம் ஆண்டின் க்யூடி-17க்கு 24:1 வேண்டும். ஆறு லிட்டர் பெட்ரோலுக்கு 250 மில்லிலிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில் 120 மில்லிலிட்டர் ஊற்றியிருந்தால், நாள் முழுவதும் மீன்பிடிக்கப் போன ஏதோ ஒரு சனிக்கிழமையில் பேரிங்குகள் எண்ணெய் பற்றாமல் தேய்ந்திருக்கும். தொலைபேசியில் சொன்னபோது அவர், “எல்லா ஜான்சனும் ஒன்றுதான்” என்றார். ஒன்றல்ல. 1980 முதல் வந்தவற்றில் ஆண்டைக் குறிக்கும் முறையே வேறு: ‘இன்ட்ரொட்யூசஸ்’ (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளுக்கு வரிசையாக 1 முதல் 9 வரையும், கடைசி எழுத்துக்கு 0உம் கொடுத்து, மாடல் எண்ணின் இறுதிப் பகுதியில் ஆண்டை எழுத்தாகப் பதித்தார்கள், ‘சிசி’ (CC) என்றிருந்தால் அது 1988.

மோட்டாரைப் பொறுத்தவரை எனக்கு மனக்குறை இல்லை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காந்தப் பொறியின் சுருள்கள் இரண்டிலும் உறை வெடித்திருந்தது; அந்தக் காலத்து ஜான்சன்களில் அது வழக்கமான கோளாறுதான், மாற்றுச் சுருள்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அவற்றை மாற்றி, குளிர்விக்கும் நீரை இறைக்கும் இம்பெல்லரையும் மாற்றிய பிறகு, மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிடுகிறது. முன், நடு, பின் என்ற மூன்று கியர்களும் சத்தமின்றி விழுகின்றன. புகையும் அதிர்வும் உண்டு. பதினான்கு அடி அலுமினியப் படகில் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

மோட்டாருக்கு ஐந்தில் நான்கு, கடைக்கு இரண்டு. அங்கே வாங்கப் போகிறவர்கள் ஒரு துணியும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். தகடு இல்லாத மோட்டாருக்கு அவர்கள் கேட்கும் விலையில் பாதிக்குமேல் கொடுக்காதீர்கள்.